வெள்ளிக்கிழமை எட்டு நாற்பது

ஆங்கில ஆசிரியர்கள் உட்காரும் அறையின் ஜன்னலோரத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அதன் மூடி பூட்டப்படும். வாரக் கட்டுரை அதற்கு முன் உள்ளே விழுந்திருக்க வேண்டும். எட்டு நாற்பத்தொன்றுக்கு மூச்சிரைக்க வந்து நிற்கிறவள் பஸ் வரவில்லை, வயிற்றுவலி, வீட்டில் சாவு என்று எதைச் சொன்னாலும் டீச்சரிடம் ஒரே பதில்தான்.

"பெட்டிக்குக் காது கிடையாதும்மா."

அந்த டீச்சருக்கு மாணவிகள் வைத்த பெயர் கத்தரி. முந்நூறு சொல் என்றால் முந்நூறுதான். முந்நூற்றோராவது சொல்லில் கத்தரிக்கோலை வைத்து நறுக்கி, நறுக்கிய துண்டைக் குண்டூசியால் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார். கட்டுரையின் உயிரே அந்தத் துண்டில்தான் இருந்தாலும் அதற்கு மதிப்பெண் இல்லை. அவர் கத்திப் பேசியதில்லை, யாரையும் அடித்ததில்லை. தாமதமாக வந்தவளின் பெயருக்கு நேராக ஒரு வட்டம் போடுவார், அவ்வளவுதான். வகுப்பில் அதை முட்டை என்பார்கள். ஒரு பருவத்தில் மூன்று முட்டை வாங்கியவள் மேல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கீழ்ப் பிரிவில் வாரக் கட்டுரை கிடையாது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினால் போதும். சிலருக்கு அது நிம்மதி. வகுப்பில் நத்தை என்று கூப்பிடப்பட்டவளுக்கு அப்படி இல்லை. விடுதியோடு இருந்த ஒரு பெரிய பள்ளி, வருடத்துக்கு ஒரு பெண்ணை இங்கிருந்து செலவில்லாமல் சேர்த்துக்கொள்ளும். மேல் பிரிவில் இருப்பவளைத்தான் எடுக்கும். மாமா வீட்டை விட்டு வெளியேற நத்தைக்குத் தெரிந்த ஒரே கதவு அதுதான்.

நத்தைக்கு எட்டு வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா அவளை மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டு, "ஒரு வாரம் பாத்துக்கோங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இப்போது வேறு ஊரில் வேறு குடும்பம். அந்த ஒரு வாரம் எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குச் சலவைக்கடை. கீழே கடை, மேலே வீடு. பள்ளி விட்டு வந்ததும் நத்தை உடை மாற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள். வந்த துணிகளின் பையையெல்லாம் துழாவி, பேனா, சாவி, கசங்கிய காகிதம் எடுத்து வைத்து, ஒவ்வொரு காலருக்கும் எண் எழுதிய துணிச்சீட்டைக் குத்த வேண்டும். அவள் படுப்பதும் கீழேதான், உலர்த்தும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரிக்கிற அளவு இடத்தில்.

மாமாவுக்கு ஒரே மகள். நத்தையை விட மூன்று மாதம் மூத்தவள். பதினாறு வயதிலும் வீட்டில், கடையில், வகுப்பில் எல்லோருக்கும் அவள் பாப்பா. இருவரும் ஒரே வகுப்பு.

வருடத் தொடக்கத்தில் முதல் கட்டுரைத் தலைப்பு வந்த அன்றே அத்தை கீழே இறங்கி வந்தாள்.

"அவளுக்கும் சேத்து எழுதிடு. ரெண்டு பேருக்கும் ஒரே தலைப்புதானே? கை என்ன தேஞ்சா போயிடும்?"

அன்றிலிருந்து வியாழக்கிழமை மாலைகள் அப்படியே போயின. கடைக் கணினியில் முதலில் பாப்பாவின் கட்டுரை, பிறகு தன்னுடையது. டீச்சர் அச்சடித்த தாளைத்தான் வாங்குவார் என்பதால் கையெழுத்துத் தொல்லை இல்லை. பாப்பா அச்சான தாளை வாங்கிப் பையில் வைப்பாள். படித்துப் பார்க்கிற வழக்கமில்லை. தாளின் மேலே தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

இரண்டாவது வாரம் நத்தைக்கு எட்டு மதிப்பெண், பாப்பாவுக்கு ஏழு. அன்று மாலை பாப்பா கடைக்கு வந்து, நத்தையின் பள்ளிப் பாவாடையைத் தேய்ப்புப் பலகையில் விரித்து, நீராவி இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டு நின்றாள். புகை வந்த பிறகுதான் தூக்கினாள்.

"கை தவறிடுச்சு" என்றாள்.

பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்த அந்தப் பாவாடையைத்தான் நத்தை பருவம் முழுக்க உடுத்தினாள். மூன்றாவது வாரத்திலிருந்து நல்ல வாக்கியம் எது தோன்றினாலும் பாப்பாவுக்குப் போனது. தன் கட்டுரையில் வேண்டுமென்றே இரண்டு பிழை விட்டு வைப்பாள். பாப்பா எட்டும் எட்டரையும் வாங்கினாள். நத்தைக்கு ஐந்து.

முதல் முட்டை நான்காவது வாரம் விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை, செருப்பை மாட்டும்போது, வாசலுக்கு வந்த தோழி யாரோ பாப்பாவிடம் கேட்டாளாம், என்ன எழுதினாய் என்று. பதில் சொல்வதற்காகத் தாளைப் பிரித்தவள் திரும்பி வந்தாள்.

"நாயப் பத்தி எழுதியிருக்க? நம்ம வீட்டுல நாய் ஏது? மாத்து."

மாற்றி எழுதி, அச்செடுத்து, பாப்பா கிளம்பிப் போன பிறகு தன் தாளை அச்செடுத்துக்கொண்டு நத்தை ஓடினாள். டீச்சரின் கை பூட்டிலிருந்து விலகுவதைத்தான் பார்த்தாள். இரண்டாவது முட்டை ஏழாவது வாரம். உணவகத்துக்குப் போக வேண்டிய மேசை விரிப்புக் கட்டை மாமா அவள் தலையில் ஏற்றி, "போற வழிதானே" என்றார். போகிற வழி இல்லை. மூன்று நிமிடம் தாமதம். அவளுக்கு நத்தை என்ற பெயர் வந்தது அந்த வாரத்தில்தான். வைத்தவள் பாப்பா.

ஒன்பதாவது வாரத் தலைப்பு, 'எங்கள் வீட்டில் இருக்கும் ஒருவர்.'

அந்த வியாழன் மாலை நத்தை கணினி முன் உட்கார்ந்தாள். எழுத ஆரம்பித்தவள் நிமிரவேயில்லை. பாப்பாவின் கட்டுரையை, பாப்பாவே பேசுவதாக எழுதினாள். எங்கள் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், என் வயதுதான். நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் அவள் சாப்பிடுவாள். விருந்தாளிகள் கேட்டால் கடையில் வேலை செய்கிற பெண் என்று சொல்வோம், அவளும் தலையாட்டுவாள். அம்மாவின் கண்ணாடி வளையலை நான்தான் உடைத்தேன். அவள் உடைத்தாள் என்று சொன்னேன். அவளை மொட்டைமாடியில் வெயிலில் நிற்க வைத்தார்கள். நான் மாடிப்படி ஜன்னலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றபடி பார்த்தேன். கொட்டைகளைக்கூட எண்ணினேன், பதினொன்று. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டிய தேவை வந்ததில்லை.

சரியாக இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு சொல். கத்தரிக்கு வேலை இல்லை.

டீச்சர் படிப்பார், பாப்பாவைக் கூப்பிடுவார், மாமாவுக்கு ஆள் அனுப்புவார், வீட்டில் அவர்கள் தலை குனிவார்கள் என்று நத்தை நினைத்தாள். அதற்குப் பிறகு தன்னை என்ன செய்வார்கள் என்பதையும் யோசிக்காமல் இல்லை. செய்யட்டும் என்று தோன்றிவிட்டது. தன் கட்டுரையில் மாமாவைப் பற்றி அவர் உழைப்பாளி என்று எழுதி முடித்தாள்.

பாப்பா தாளின் மேலே தன் பெயரைப் பார்த்தாள், பையில் வைத்தாள்.

புதன்கிழமை டீச்சர் வகுப்புக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறி நின்றார். வாரத்தின் சிறந்த கட்டுரையைப் படிப்பது வழக்கம். ஆனால் அன்று படிப்பதற்கு முன்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை யாரும் முன்பு பார்த்ததில்லை.

படிக்கப் படிக்க வகுப்பு அடங்கியது. ஆரஞ்சுக் கொட்டை வந்தபோது முதல் வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பெயரில் இருந்ததைப் பாப்பா அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முப்பத்தெட்டுப் பேரும் ஒவ்வொருவராகத் திரும்பி நத்தையைப் பார்த்தார்கள், அவள் பாவாடையைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தன்னைப் பத்தி இப்படி எழுத தைரியம் வேணும்" என்றார். "பொய்யா நல்லவளா எழுதுறது சுலபம். இருபது வருஷத்துல நான் யாருக்கும் ஒன்பதரை போட்டதில்ல."

பாப்பா அழுதாள். மாட்டிக்கொண்ட பயத்தில் வந்த அழுகை அது. வகுப்பு அதை வேறாக எடுத்துக்கொண்டது. மணி அடித்ததும் நாலைந்து பேர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி நத்தையிடம் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எவ்ளோ பெரிய மனசு பாரு அவளுக்கு. நீ அவள மன்னிச்சிடு. மனசுல எதுவும் வெச்சுக்காத."

நத்தை கையை உருவிக்கொண்டாள். அது அவளுடைய திமிராகப் பேசப்பட்டது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையின் கடிதம் வீட்டுக்கு வந்தது. கட்டுரை பள்ளி இதழில் வருகிறது, ஆண்டு விழாவில் பரிசு, மேடையில் மகள் அதை வாசிப்பாள், பெற்றோர் முன்வரிசைக்கு வர வேண்டும். கூடவே கட்டுரையின் நகலும் இருந்தது. மாமா அதைக் கடை மேசையில் வைத்து, விரல் வைத்து மெதுவாகப் படித்து அத்தைக்கு அர்த்தம் சொன்னார். நத்தை நான்கடி தள்ளிச் சட்டைப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நம்ம வீட்டுல எங்க நடக்குது?" என்றாள் அத்தை.

"கற்பனைதான். பரிசு கற்பனைக்குத்தானே குடுப்பாங்க" என்றார் மாமா. அவர் குரலில் பெருமை இருந்தது.

அத்தை மகளைப் பார்த்தாள். "வளையல நீயா உடைச்ச?"

"கதைக்காக எழுதினதும்மா."

"அதான பாத்தேன்" என்று சொல்லி அத்தை நத்தை பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அந்த வளையலுக்கு நத்தை இரண்டாவது முறையாகக் குற்றவாளியானாள்.

அன்று மாலையே பாப்பா கீழே இறங்கி வந்து உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நத்தை எழுந்து நின்றாள். பாப்பா சண்டை போடவில்லை.

"என்னை மாட்டி விடலாம்னு பாத்த, இல்ல?"

நத்தை ஒரு சட்டையை எடுத்துக் காலரில் சீட்டைக் குத்தினாள்.

"பரவால்ல. நல்லா எழுதியிருக்க. இனிமே எல்லா வாரமும் இந்த மாதிரிதான் வேணும். டீச்சர் தொடர்ந்து எழுதச் சொல்லிட்டாங்க." காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னும் இருக்கா, இல்ல தீந்துபோச்சா? தீந்துட்டா சொல்லு, நான் செஞ்சு தரேன்."

சொன்னபடி செய்தும் தந்தாள். பத்தாவது வாரம் நத்தையின் ஒரே ஜோடி காலணி துவைக்கிற தொட்டியில் மிதந்தது. அவள் வெறுங்காலோடு பள்ளிக்கு வர, பாப்பா வகுப்பு வாசலில் தன் காலணியைக் கழற்றி எல்லோர் முன்பும் அவளிடம் நீட்டினாள். நத்தை வாங்கவில்லை. "ரெண்டையும் எழுது" என்றாள் பாப்பா சாயங்காலம். "உன் காலணிய எறிஞ்சது, என்னோடத குடுத்தது. நீ வாங்காததையும் எழுது." பதினோராவது வாரம், நத்தை தன் அம்மாவின் படமென்று வைத்திருந்த ஒன்றே ஒன்றைப் பாப்பா எடுத்து, வெந்நீர்ச் சுழற்சியில் போகவிருந்த ஒரு சட்டைப் பையில் வைத்தாள். வெளியே வந்தபோது அது வெள்ளைக் கூழாக உருண்டிருந்தது. அந்த வாரமும் ஒன்பதரை.

மறுநாள் காலை நத்தை ஆங்கில ஆசிரியர் அறைக்குப் போனாள். டீச்சர் தனியாக இருந்தார்.

"டீச்சர், பாப்பா கட்டுரையெல்லாம் நான் எழுதுறது. முதல் வாரத்துலேர்ந்து நான்தான்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மதிய இடைவேளையில் இருவரையும் வரச் சொன்னார். எதிரெதிர் மேசையில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு வெள்ளைத் தாள் கொடுத்து, 'ஜன்னல்' என்று தலைப்பும் கொடுத்தார். நாற்பது நிமிடம். நத்தை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பாப்பா ஏழு வரி எழுதினாள். அதில் ஜன்னல் என்ற சொல்லே மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருந்தது.

டீச்சர் இரண்டையும் படித்தார். பாப்பாவிடம், "நீ எழுதினதுதானே அதெல்லாம்?" என்று கேட்டார்.

"ஆமா டீச்சர். இன்னைக்குத் தலைவலி."

"சரி, நீ போ."

கதவு மூடிய பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்கு மூணாவது வாரமே தெரியும்மா. திடீர்னு ஒருத்தி மேல போறா, ஒருத்தி கீழ வரா. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவே போதும் என்று நத்தைக்கு அந்த ஒரு நொடி தோன்றியது. "அப்ப ஏன் டீச்சர் அன்னைக்கு..."

"தாள் மேல யார் பேரு இருக்கோ அவளுக்குத்தான் மார்க் போட முடியும். இதழ் அச்சாகிடுச்சு. விழா அழைப்பிதழ்ல அவ பேரு வந்தாச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் வெளியாளுங்களைக் கூப்பிட்டிருக்காங்க. இப்ப போய் நான் ஏமாந்துட்டேன்னு சொல்லச் சொல்றியா?" அவர் இழுப்பறையைத் திறந்து விதித்தாளை எடுத்து அவள் முன் வைத்தார். "அஞ்சாவது விதி. அடுத்தவளுக்கு எழுதிக் குடுத்தா பூஜ்யம். நீ ஒத்துக்கிட்ட."

"வாங்கினவளுக்கு?"

"அவதான் ஒத்துக்கலையே."

நத்தையின் பெயருக்கு நேராக மூன்றாவது வட்டம் விழுந்தது. அதைப் போட்டுவிட்டு, அவள் எழுதிய ஜன்னல் கட்டுரையை டீச்சர் இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார்.

"நல்லா எழுதுற. ஆனா இதுக்கு மார்க் குடுக்க இடமில்ல" என்று சொல்லி, மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நத்தை கீழ்ப் பிரிவுக்குப் போனாள்.

ஆண்டு விழா அன்று அத்தை பட்டுப் புடவை கட்டினாள். மாமா கடையை அரை நாள் மூடினார். நத்தைக்குப் பாப்பாவின் பழைய பச்சை உடை ஒன்று கொடுக்கப்பட்டது. தோள் பக்கம் தொளதொளவென்று இருந்ததை அத்தையே பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாள். எட்டு வருடத்தில் அவள் விரல்கள் நத்தையின் தோளில் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை. நத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா ஒலிபெருக்கி முன் நின்று கட்டுரையை வாசித்தாள். இரண்டு வாரமாக அதை மனப்பாடம் செய்திருந்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் கம்ம வேண்டும் என்று டீச்சர் பயிற்சி கொடுத்திருந்தார். 'எனக்குத் தெரிய வேண்டிய தேவை வந்ததில்லை' என்ற கடைசி வரிக்குப் பிறகு, தாளில் இல்லாத ஒன்றைச் செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா. அவ மேடைக்கு வரணும்" என்றாள்.

அரங்கம் திரும்பியது. மாமா நத்தையின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். படியேறிப் போனவளைப் பாப்பா இறுகக் கட்டிக்கொண்டாள். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது, பிறகு பின்வரிசையும். விருந்தினராக வந்திருந்த விடுதிப் பள்ளியின் தலைவி கைக்குட்டையை எடுத்தார்.

"சிரிடி" என்றாள் பாப்பா காதுக்குள். "போட்டோ எடுக்கறாங்க."

நத்தை சிரித்தாள். படத்தில் அது நன்றாகவே வந்திருந்தது. மாமா அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். துணி கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து, "நல்ல குடும்பம்" என்பார்கள்.

விடுதிப் பள்ளி அந்த வருடம் பாப்பாவைத்தான் எடுத்தது. அங்கேயும் வாரக் கட்டுரை இருந்தது, செவ்வாய்க்கிழமை கெடு. ஞாயிறு மத்தியானம் கடைத் தொலைபேசிக்குத் தலைப்பு வரும். நத்தை கணினியில் உட்காரும் வரை அத்தை பின்னால் நிற்பாள். ஒரே ஒருமுறை நத்தை, "எனக்கு வரல அத்தை" என்று சொல்லிப் பார்த்தாள். அத்தை கோபப்படவில்லை. "வரலன்னா நாளைலேர்ந்து நீ பள்ளிக்கூடம் போக வேண்டாம். கடைக்கு முழு நேரம் ஆள் வேணும்" என்றாள், மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே. நத்தைக்கு வந்தது. எழுதினாள்.

கீழ்ப் பிரிவில் அவளுக்குப் பக்கத்து இருக்கை தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்ணுக்கு. தையல்காரியின் மகள். அவளுக்கு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. நத்தை மேல் பிரிவிலிருந்து வந்தவள் என்பதால் அவளுக்கு இவள் மேல் பெரிய மரியாதை. ஒரு புதன்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் முன் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு லீவு லெட்டர் எழுதித் தரியா? அம்மாக்கு நாளைக்கு ஆபரேஷன். நான் கூட இருக்கணும். இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாதான் கிளாஸ் சார் லீவு குடுப்பாராம். நாலு வரி போதும்."

நாலு வரி. நத்தைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த வாக்கியங்கள் அவள் தலைக்குள் ஏற்கெனவே வரிசையாக வந்து நின்றுவிட்டன.

"எழுத மாட்டேன்" என்றாள்.

"ப்ளீஸ். நான் பாத்து எழுதிக்கறேன், நீ வாயால சொல்லு."

"அடுத்தவங்களுக்கு எழுதித் தரக்கூடாது. விதி."

அந்தப் பெண் வேறு யாரிடமும் கேட்கத் தெரியாமல், தானே ஏதோ எழுதிக்கொண்டு போனாள். சார் அதை வாங்கி வகுப்புக்கே படித்துக் காட்டினார். அம்மாவை நாளைக்கு வெட்டப் போகிறார்கள், நான் பார்க்க வேண்டும் என்ற அர்த்தத்தில் இருந்தது அது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சார் கடிதத்தைக் கிழித்தார். சரியாக எழுதிக்கொண்டு வந்தால் விடுப்பு, இல்லையென்றால் இல்லை என்றார்.

தையல்காரியின் மகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதாள். தோள் குலுங்கக் குலுங்க, இருவரும் உட்கார்ந்திருந்த பெஞ்சும் சேர்ந்து ஆடியது. நத்தை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று தோன்றவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் லேசானது போலிருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் பிடித்திருந்தது. பெஞ்சு ஆடியதில் அவள் எழுதியிருந்த எழுத்து கோணியது. நகர்ந்து உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததை முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.